மான்மத் கவுண்ட்டியில் வீட்டு வரி: கோட்டுக்கு எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள்?

எடிசனிலிருந்தும் ஜெர்சி சிட்டியிலிருந்தும் நியூஜெர்சிக் கடலோரத்தின் மான்மத் கவுண்ட்டிக்கு, அதாவது எங்கள் பக்கம், வீடு பார்க்க வரும் நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: பள்ளி எப்படி, நியூயார்க்குக்கு ரயிலில் போவதா படகில் போவதா, வரி எவ்வளவு. முதல் இரண்டுக்கும் பதில் சொல்வது எளிது. மூன்றாவதற்கும் ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். விற்பனை விளம்பரத்திலேயே அது இருக்கிறது. ஆனால் அந்த எண் ஏன் அவ்வளவு, அடுத்த ஐந்தாண்டில் அது எந்தப் பக்கம் நகரும் என்பது விளம்பரத்தில் இல்லை. கடற்கரைக்கு அருகில் இருந்தால் வரி அதிகம், உள்ளே தள்ளிப் போனால் குறைவு என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள், நூறு டாலருக்கு இவ்வளவு என்ற வரி விகிதங்களை ஊர்வாரியாகப் பார்த்ததும் திகைத்துப்போகிறார்கள். பெரும்பாலும் நிலைமை தலைகீழாக இருக்கிறது. இங்கே வரியைத் தீர்மானிப்பதில் வீட்டைவிட, கடலுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைவிட, ஊரின் எல்லைக் கோட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்பது இத்தனை காலம் வரி கட்டிய பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், நம் ஊர் மாவட்டம் போன்ற 21 கவுண்ட்டிகளும் அவற்றுக்குள் 564 உள்ளாட்சிகளும் இருக்கின்றன. மான்மத் கவுண்ட்டியில் மட்டும் 53. கவுண்ட்டியின் மொத்த மக்கள்தொகை 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6,43,615தான். நம் ஊரில் ஒரு மாநகராட்சிக்குள் அடங்கிவிடக்கூடிய மக்களுக்கு இங்கே 53 மேயர்கள், 53 பட்ஜெட்டுகள், 53 வரி விகிதங்கள். அட்லாண்டிக் கரையோரமாகச் சுமார் 27 மைல் நீளத்துக்கு சீ பிரைட், மான்மத் பீச், லாங் பிராஞ்ச், டீல், ஆலன்ஹர்ஸ்ட், லாக் ஆர்பர், ஆஸ்பரி பார்க், பிராட்லி பீச், ஏவன், பெல்மார், ஸ்பிரிங் லேக், சீ கர்ட், மனாஸ்குவான் என்று ஊர்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன; சிலவற்றை நடந்தே பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம்.

இந்தக் கோடுகள் தற்செயலாக விழுந்தவை அல்ல. ஓஷன் டவுன்ஷிப் என்ற உள்ளாட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 1897இல் ஆலன்ஹர்ஸ்ட் பிரிந்தது. 1898இல் டீல் பிரிந்தது. 1957இல் லாக் ஆர்பரும் தனி ஊராயிற்று. விளைவாக இன்று ஓஷன் டவுன்ஷிப்புக்குக் கடற்கரை என்று ஓர் அடி நிலம்கூட இல்லை. பெருமதிப்புள்ள கரையோரத் துண்டு தனக்கென ஒரு நிர்வாகத்தை அமைத்துக்கொண்டு விலகிக்கொள்ள, பின்னால் இருந்த பெரும்பரப்பு மிச்சமாக நின்றது. இதன் பொருளாதார விளைவு புரிய வேண்டுமானால், வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கிராமத்துக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும் முறையை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். முதலில் செலவு எவ்வளவு என்று முடிவாகிறது. பிறகு அது தலைக்கட்டுகளின்மேல் பங்கிடப்படுகிறது. இங்கேயும் முதலில் பள்ளி வாரியமும் நகராட்சியும் கவுண்ட்டியும் தத்தம் பட்ஜெட்டைப் போட்டு, வீட்டு வரியிலிருந்து தமக்கு எவ்வளவு தொகை வேண்டும் என்று முடிவு செய்கின்றன. அந்த மொத்தத் தொகையை ஊரிலுள்ள எல்லாச் சொத்துகளின் மொத்த மதிப்பால் வகுத்தால் கிடைப்பதே வரி விகிதம். திருவிழா வரியோடு வேறுபடுவது ஒரே இடத்தில்தான்: அங்கே தலைக்கு ஒரே தொகை, இங்கே வீட்டு மதிப்புக்கு ஏற்றபடி.

ஆகவே வீட்டின் மதிப்பு உயர்ந்ததால் வரி உயர்ந்துவிட்டது என்ற பேச்சு பாதி உண்மைதான். ஒரு கற்பனை ஊரில் வரியாகத் திரட்ட வேண்டிய தொகை 1 கோடி டாலர், சொத்துகளின் மொத்த மதிப்பு 100 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் நூறு டாலருக்கு ஒரு டாலர். 5 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 5,000 டாலர் வரி. மறு ஆண்டு எல்லா வீடுகளும் 20 சதவீதம் ஏறினால் மொத்த மதிப்பு 120 கோடி ஆகும். விகிதம் 83 சென்ட்டுக்குச் சற்று மேலே இறங்கும். 6 லட்சமாகிவிட்ட அதே வீட்டுக்கு அதே 5,000 டாலர்தான். ஊர் மொத்தம் 20 சதவீதம் ஏறியபோது உங்கள் வீடு மட்டும் 10 சதவீதமே ஏறியிருந்தால், மதிப்பு உயர்ந்தும் வரி சுமார் 4,583 டாலராகக் குறையும். அக்கம்பக்கத்தைவிட வேகமாக ஏறியவர்களே கூடுதல் சுமையைத் தாங்குகிறார்கள். கொரோனாக் காலத்தில் நியூயார்க் நகரிலிருந்து கடலோரத்தை நோக்கி மக்கள் பெருவாரியாக வந்தபோது, ஒரே ஊருக்குள்ளேயே நீர்நிலையை ஒட்டிய தெருக்களுக்கும் உள்தெருக்களுக்கும் இடையே சுமை இப்படித்தான் இடம் மாறியது.

மான்மத்தில் இந்த இடமாற்றம் உடனுக்குடன் தெரிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நியூஜெர்சியின் பல ஊர்களில் மறுமதிப்பீடு பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நடக்கும். மான்மத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், பெரும்பாலான ஊர்கள் ஆண்டுதோறும் மதிப்பைச் சந்தை நிலவரத்துக்கு ஏற்பத் திருத்துகின்றன. அக்டோபர் 1 அன்றைய நிலவரமே அடிப்படை. நவம்பர் நடுவில் புதிய மதிப்பைத் தெரிவிக்கும் அட்டை தபாலில் வரும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கடைசி நாள் ஜனவரி 15. மாநிலத்தின் பிற பகுதிகளில் இது பொதுவாக ஏப்ரல் 1 என்பதால், எடிசனில் வாழ்ந்து பழகியவர்கள் இங்கே வந்த முதல் ஆண்டில் நாளைத் தவறவிடுவது உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: மேல்முறையீடு செய்யும் நேரத்தில் அந்த ஆண்டின் வரி விகிதமே முடிவாகியிருக்காது. வரி அதிகம் என்று வாதாட அங்கே இடமில்லை. மதிப்பு தவறு என்று மட்டுமே வாதாடலாம், அதற்கும் அருகிலுள்ள ஒத்த வீடுகளின் விற்பனை விலைகளே சான்று. ஆண்டுதோறும் மதிப்பைத் திருத்துவதை எரிச்சலோடு பேசுபவர்கள் பலர். என் பார்வையில் இதுவே நேர்மையான முறை. இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்தும் ஊரில், விலை ஏறாத தெருக்காரர்கள் விலை ஏறிய தெருக்காரர்களின் வரியில் ஒரு பகுதியைத் தங்களுக்கே தெரியாமல் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது எல்லைக் கோட்டுக்கு வருவோம். வரிச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான உள்பகுதி ஊர்களில் பாதிக்கும் மேல் பள்ளிக்குப் போகிறது. நகராட்சியும் கவுண்ட்டியும் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது; எந்த ஊர்ப் பள்ளியில் வேலை செய்கிறார் என்பதற்கும் அந்த ஊர் வீடுகளின் விலைக்கும் தொடர்பில்லை. இங்கே தொடர்பு நேரடியானது. மார்ல்பரோ, மனலாப்பன், ஹாவெல், ஃப்ரீஹோல்ட் டவுன்ஷிப் போன்ற ஊர்களில் வீடுதோறும் பிள்ளைகள். பள்ளிச் செலவு பெரிது. ஸ்பிரிங் லேக், சீ கர்ட், டீல் போன்ற ஊர்களில் வீடுகளின் விலையோ பல லட்சங்கள், சில இடங்களில் கோடிகள். ஆனால் கணிசமான வீடுகள் கோடைக்கு மட்டும் திறக்கப்படுபவை. அவற்றின் உரிமையாளர்கள் பள்ளி வரியை முழுமையாகக் கட்டுகிறார்கள், அந்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு பிள்ளையையும் அனுப்புவதில்லை. வகுபடும் தொகை சிறிது, வகுக்கும் மதிப்பு பெரிது. எனவே அங்கே விகிதம் நூறு டாலருக்கு ஒரு டாலரைக்கூட எட்டுவதில்லை. உள்பகுதி ஊர்கள் பலவற்றில் அது ஒன்றரை டாலருக்கு மேல். கடலோரத்தில் இருபது லட்சம் டாலர் வீட்டுக்காரர் கட்டுவதும், நெடுஞ்சாலையோர டவுன்ஷிப்பில் அதில் பாதி விலைகூடப் பெறாத வீட்டுக்காரர் கட்டுவதும் ஏறத்தாழ ஒரே தொகையாக இருப்பது இதனால்தான்.

கவுண்ட்டி வரியில் மட்டும் இந்த வேலி இல்லை. கவுண்ட்டிக்கு வேண்டிய தொகை, எல்லா ஊர்களின் சந்தை மதிப்பையும் சமப்படுத்தி, அந்த விகிதத்தில் பங்கிடப்படுகிறது. ஆகையால் சாலை, பாலம், பூங்கா, நீதிமன்றம் ஆகியவற்றுக்குக் கடலோர ஊர்கள் தம் மக்கள்தொகையைவிட மிக அதிகமாகவே கொடுக்கின்றன. அந்த ஊர்களின் வரிச் சீட்டில் கவுண்ட்டியின் பங்கு பெரிதாகத் தெரிவதும், அவ்வூர்க்காரர்கள் கவுண்ட்டி ஆணையர்களின் கூட்டத்தில் கோபமாகப் பேசுவதும் அதன் விளைவு. பள்ளிச் செலவும் இதேபோல் கவுண்ட்டி முழுவதற்கும் பொதுவாகப் பங்கிடப்பட்டிருந்தால் என் வரிச் சீட்டு எப்படி இருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. அது என் சொந்த ஆதாயம் கலந்த கணக்கு என்பதால் இங்கே எழுதவில்லை.

பள்ளிச் செலவை ஊர்கள் சேர்ந்து பகிரும்போது என்ன நடக்கும் என்பதற்கு சீ பிரைட் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் ஆறு என்று நடுவில் கிடக்கும் மணல் திட்டு அது. மக்கள்தொகை 1,500ஐ எட்டாது. பள்ளிப் பிள்ளைகள் மிகச் சிலரே. ஆனால் பல ஊர்கள் சேர்ந்து நடத்தும் மண்டல உயர்நிலைப் பள்ளியின் செலவு பெரிதும் சொத்து மதிப்பை வைத்தே ஊர்களுக்கிடையில் பகிரப்படுவதால், பிள்ளைக்கு இவ்வளவு என்று பார்த்தால் சீ பிரைட் கட்டுவது மிகப் பெரிய தொகை. ஓஷன்போர்ட், ஷோர் ரீஜனல் ஆகிய பள்ளி மாவட்டங்களை (பள்ளிகளை நடத்தும் தனி அமைப்புகளை) விட்டு விலகி, ஹைலண்ட்ஸும் அட்லாண்டிக் ஹைலண்ட்ஸும் இணைந்த ஹென்றி ஹட்சன் பள்ளி மாவட்டத்தில் சேர வேண்டும் என்று அந்த ஊர் ஆண்டுக்கணக்கில் போராடி, விவகாரம் நீதிமன்றம்வரை போயிற்று. விலகினால் அந்தத் தொகை மிச்ச ஊர்களின் தலையில் விழும் என்பதால் அவை எதிர்க்கின்றன. இரு தரப்பின் வாதமும் எனக்கு நியாயமாகவே படுகிறது. சிக்கல் வாதங்களில் இல்லை, பிள்ளைகளின் படிப்புச் செலவை மணல் திட்டின் விலையோடு முடிச்சுப் போட்ட முறையில் இருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் முயலவில்லை என்று சொல்ல முடியாது. இந்தக் கவுண்ட்டியிலிருந்தே போன ஒரு வழக்கு 1972இல் தீர்ப்பானது. ஏவன் தன் கடற்கரையில் வெளியூர்க்காரர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்க வகைசெய்தது. கடற்கரை இல்லாத பக்கத்து ஊரான நெப்டியூன் சிட்டி வழக்குப் போட்டது. கடலும் கரையும் பொதுச்சொத்து, ஓர் ஊர் தன் மக்களுக்கு ஒரு விலையும் பிறருக்கு வேறு விலையும் வைக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று நாங்கள் பெல்மாருக்கோ மனாஸ்குவானுக்கோ போய், உள்ளூர்க்காரர் கொடுக்கும் அதே விலைக்குக் கடற்கரை பேட்ஜ் என்ற நுழைவுச் சீட்டை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்வது அந்தத் தீர்ப்பின் புண்ணியம்.

மறு ஆண்டே, 1973இல், வீட்டு வரியை நம்பிப் பள்ளிகளை நடத்தும் முறை மாநில அரசியல் சாசனம் கோரும் கல்வியைத் தரவில்லை என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் இழுத்தடித்தது. 1976 ஜூலை 1 அன்று பொதுப் பள்ளிகளுக்கு நிதி செலவிடுவதையே நீதிமன்றம் தடுத்துவிட, சில நாட்களுக்குள் ஆளுநர் பிரெண்டன் பைர்ன் காலத்தில் மாநில வருமான வரி பிறந்தது. அந்த வருமானம் வீட்டு வரிச் சுமையைக் குறைக்கவே செலவிடப்பட வேண்டும் என்பது சாசனத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பின்னர் ஏழை ஊர்ப் பள்ளிகளின் நிதிக்காக நடந்த அபாட் வழக்குகளின் பயனாக, இந்தக் கவுண்ட்டியில் ஆஸ்பரி பார்க், லாங் பிராஞ்ச், நெப்டியூன் டவுன்ஷிப், கீன்ஸ்பர்க் ஆகிய பள்ளி மாவட்டங்களுக்கு மாநில நிதி பெருமளவில் வந்தது. ஆனால் எல்லைக் கோடுகளை யாரும் தொடவில்லை. மணலைப் பொதுவாக்கிய மாநிலத்தால் மணலை ஒட்டிய வீடுகளின் வரியைப் பொதுவாக்க முடியவில்லை.

எல்லைக்குள் என்ன இருக்கிறது என்பது உள்பகுதி ஊர்களுக்கும் முக்கியம். ஹோம்டெல்லில் 1962இல் திறக்கப்பட்ட பெல் ஆய்வகக் கட்டடம் ஒரு காலத்தில் அந்த ஊரின் பெரும் வரி ஆதாரம். அங்கே வேலைக்கு வந்த தமிழர்களும் உண்டு. 2000களில் நிறுவனம் வெளியேறிக் கட்டடம் காலியானபோது, அது தாங்கிய பங்கு வீடுகளின்மேல் இறங்கியது. பெல் வொர்க்ஸ் என்ற பெயரில் கடைகளும் அலுவலகங்களுமாக அது மீண்டெழுந்ததில் ஊர்க்காரர்கள் அடைந்த மகிழ்ச்சிக்குக் கட்டடக்கலை மட்டும் காரணமில்லை. மான்மத் இராணுவ முகாம் வேறு வகை: அமெரிக்க ஒன்றிய அரசின் நிலம் என்பதால் உள்ளாட்சி வரி இல்லாமலே பல பத்தாண்டுகள் இருந்தது, 2011இல் மூடப்பட்டது. இப்போது நெட்ஃபிளிக்ஸ் அங்கே படப்பிடிப்பு வளாகம் கட்டுகிறது. ஈட்டன்டவுனும் ஓஷன்போர்ட்டும் அதிலிருந்து வரவிருக்கும் வருவாயை இப்போதே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

கடலோரத்தாருக்குக் குறைந்த விகிதம் இலவசமாகக் கிடைத்துவிட்டது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் கரையேறியபோது சீ பிரைட், யூனியன் பீச், கீன்ஸ்பர்க், ஹைலண்ட்ஸ் ஊர்களில் வீடுகள் அடித்தளத்தோடு போயின. மதிப்பீட்டு நாளான அக்டோபர் 1 கடந்துவிட்டிருந்தது. என்றாலும் அக்டோபருக்கும் டிசம்பர் இறுதிக்கும் இடையில் கட்டடம் அழிந்தோ பெரிதும் சேதமுற்றோ போனால், ஜனவரி 10க்கு முன் மதிப்பீட்டாளருக்குத் தெரிவித்து மதிப்பைக் குறைக்கலாம் என்று மாநிலச் சட்டத்தில் ஒரு பழைய விதி இருக்கிறது. அது வீட்டுக்காரரைக் காப்பாற்றும். ஊரின் மொத்த மதிப்பு சரியும்போது, நின்ற வீடுகளின்மேல் விகிதம் ஏறுவதை அது தடுக்காது. யூனியன் பீச் போன்ற எளிய ஊர்கள் அந்த ஆண்டுகளில் மாநில, ஒன்றிய அரசுகளின் உதவியாலும் கடனாலும்தான் பட்ஜெட்டை ஒப்பேற்றின.

கடற்கரையில் மணல் கொட்டும் பணிக்கும் ஊர் பணம் தர வேண்டும். சீ பிரைட்டிலிருந்து மனாஸ்குவான்வரை 1994இல் தொடங்கிய இந்தப் பணியில் வழக்கமாக 65 சதவீதம் ஒன்றிய அரசு தரும். மீதியில் முக்கால் பங்கு மாநிலம், கால் பங்கு ஊர். ஆக ஊரின் கையிலிருந்து போவது மொத்தத்தில் ஒன்பது சதவீதத்துக்கும் குறைவு. மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் வரி கட்டும் உள்பகுதிக்காரரும் அந்த மணலுக்குக் கொடுக்கிறார் என்பதை நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். வெள்ளக் காப்பீடோ முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. ஒன்றிய அரசின் காப்பீட்டில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான். 2021 அக்டோபரில் புதிய இடர் மதிப்பீட்டு முறை வந்த பிறகு, குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம்வரை பிரீமியம் ஏறலாம். கோடை வீட்டுக்கு 25 சதவீதம்வரை. பேஷோர் என்னும் விரிகுடாக் கரைப் பக்கம் தாழ்வான தெருவில் மலிவாக வீடு பார்ப்பவர்கள் வரியையும் இதையும் கூட்டியே ஊர்களை ஒப்பிட வேண்டும்.

கட்டும் முறையில் பெரிய சிக்கல் இல்லை. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் முதல் தேதிகளில் நான்கு தவணைகள். பொதுவாகப் பத்து நாள் சலுகை. தவறினால் முதல் 1,500 டாலருக்கு 8 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்வரை வட்டி. முதல் இரண்டு தவணைகள் முந்தைய ஆண்டை வைத்துப் போட்ட உத்தேசத் தொகை மட்டுமே. உண்மை விகிதம் கோடையில்தான் தெரியும். வீட்டுக் கடன் நிறுவனம் மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் எஸ்க்ரோ என்ற கணக்கில் பிடித்துக் கட்டுகிறவர்களுக்கு இந்த ஏற்றம் மறு ஆண்டு மாதத் தவணையில் பற்றாக்குறை என்ற பெயரில் வந்து சேரும்.

ஆண்டு வரி உயர்வுக்கு 2010இல் கொண்டுவரப்பட்ட 2 சதவீத வரம்பு எங்களைக் காக்கிறது என்று சொல்வார்கள். அந்த வரம்பு ஊர் மொத்தமாகத் திரட்டும் தொகைக்குத்தான், தனி வீட்டின் வரிக்கு அல்ல; கடன் தவணைக்கும் ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அதில் விலக்குகளும் உண்டு. 2018இல் பள்ளி நிதிச் சட்டம் திருத்தப்பட்டு, ஃப்ரீஹோல்ட் ரீஜனல் போன்ற மாவட்டங்களுக்கு மாநில உதவி ஆண்டுக்காண்டு வெட்டப்பட்டபோது, வரம்பைக் காட்டி ஆறுதல் சொன்னவர்கள் பிறகு ஆசிரியர் பணியிடங்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாநிலம் தரும் வீட்டு வரிச் சலுகைகளில் ஆங்கர் திட்டம் பலருக்குத் தெரியும்: ஆண்டு வருமானம் 1,50,000 டாலர்வரை உள்ள வீட்டுக்காரருக்கு 1,500 டாலர், 2,50,000 வரை 1,000 டாலர், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மேலும் 250. 65 வயதைக் கடந்து, வருமானம் 5 லட்சம் டாலருக்கு உட்பட்டவர்களுக்கு மற்றச் சலுகைகளையும் சேர்த்து வரியில் பாதியை, 6,500 டாலர் உச்சவரம்புக்கு உட்பட்டுத் திருப்பித் தருவதாகத் தொடங்கிய ஸ்டே என்.ஜே. திட்டமும் சேர்ந்திருக்கிறது. இவை குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே. ஒன்றிய வருமான வரியில் மாநில, உள்ளூர் வரிகளைக் கழிப்பதற்கு 2018 முதல் இருந்த 10,000 டாலர் உச்சவரம்பு 2025இல் 40,000 டாலராக உயர்ந்ததும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நிம்மதி தந்தது. மாநிலத்தின் சராசரி வீட்டு வரியே 2024இல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. பழைய உச்சவரம்பு வீட்டு வரிக்கே போதவில்லை.

இப்போது வீடு பார்க்கும் நண்பர் ஒருவர் இரண்டு ஊர்களுக்கு இடையில் தயங்கிக்கொண்டிருக்கிறார். விளம்பரத்தில் இரண்டுக்கும் வரி ஏறக்குறைய ஒன்றே. ஊர் வரியாகத் திரட்டும் மொத்தத் தொகை கடந்த சில ஆண்டுகளில் எப்படி ஏறியிருக்கிறது, பள்ளிக்கு மாநில உதவி கூடுகிறதா குறைகிறதா, நகராட்சிக் கடன் எவ்வளவு, ஊருக்குள் வரி கட்டும் பெரிய கட்டடம் ஏதேனும் காலியாகப் போகிறதா என்பவற்றை அவரைப் பார்க்கச் சொன்னேன். எல்லாமே ஊர்ப் பட்ஜெட்டிலும் பள்ளி வாரியக் கூட்டக் குறிப்புகளிலும் கிடைப்பவை. பதிவு டிசம்பரில் முடியும் என்கிறார். அப்படியானால் நவம்பர் அட்டை விற்பவர் பெயருக்குத்தான் வரும். அதன் நகலைக் கையெழுத்திடும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஜனவரி 15க்கு அப்போது அதிக நாள் இருக்காது.